பழைய சப்வூஃபர் ஆம்ப், புதுப் பெட்டி: மலைக்காரர்களின் கேள்விகள்

குன்னூர்: அண்ணா, பழைய 2.1 செட்டில் கழற்றிய டிடிஏ 2030 (ஒலியைப் பெருக்கும் ஐ.சி.) போர்டை இரும்பு சேஸிஸில் ஹீட்சிங்கோடு முடுக்கினேன். சுவிட்ச் போட்டதும் ஃப்யூஸ் போகிறது. ஐ.சி. போய்விட்டதா?

பதில்: ஐ.சி. மேல் பழி போடாதீங்க தம்பி. அதன் முதுகுத் தகடு உள்ளே மூன்றாவது காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு, சேர்ந்தது. பழைய செட்டில் ஹீட்சிங்க் எதையும் தொடாமல் தனியாக நின்றிருக்கும். நீங்கள் சேஸிஸில் முடுக்கியதும் மைனஸ் நேராக கிரவுண்டுக்குப் போய்விட்டது. தகட்டுக்கு அடியில் மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தாள்), இருபக்கமும் லேசாக ஹீட்சிங்க் பேஸ்ட், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ் (தகட்டை ஸ்க்ரூ தொடாமல் காக்கும் குட்டி வளையம்). புஷ்ஷை மறந்தால் மைக்கா போட்டும் பயனில்லை, ஸ்க்ரூ வழியே ஷார்ட் ஆகும். தகட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே மல்டிமீட்டர் 'பீப்' அடிக்கக் கூடாது. கை வைக்கும் முன் பெரிய கெப்பாசிட்டர்களை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் சார்ஜ் இறக்கிவிடுங்கள்.

பிறகு 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸில் சீரியஸாகப் போட்டு சுவிட்ச் போடுங்கள் (எல்இடி உதவாது). ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஸ்பீக்கர் மாட்டும் முன் அவுட்புட்டில் டி.சி. பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 15 வோல்ட் காட்டினால்தான் ஐ.சி. போனது, ஸ்பீக்கரை மாட்டினால் அதன் வாய்ஸ் காயிலும் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) போகும்.

கோத்தகிரி: 12-0-12 (நடு ஒயருக்கு இருபக்கமும் 12 வோல்ட்) டிரான்ஸ்ஃபார்மருக்கு 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதுமா?

பதில்: போதாது. 12-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 17. டயோடில் கொஞ்சம் விழுந்தாலும், லோடு இல்லாதபோதும் லைன் வோல்டேஜ் ஏறும்போதும் 18-ஐத் தாண்டும். 25 வோல்ட், 4700 மைக்ரோஃபாரட் இரண்டு போடுங்கள். 2030-க்கு உச்ச வரம்பே கூட்டல் கழித்தல் 18தான். 22 தாங்கும் 2030ஏ வாங்குங்கள். 15-0-15 பக்கம் போகாதீங்க.

ஊட்டி: வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் 'ம்ம்ம்' என்கிறது.

பதில்: அப்படியானால் இன்புட் ஒயர் காரணமில்லை. ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், இல்லையேல் கிரவுண்ட் தாறுமாறு. டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயர், இரண்டு கெப்பாசிட்டரும் சேரும் புள்ளிக்கு வரட்டும். ஸ்பீக்கர் கிரவுண்ட், சிக்னல் கிரவுண்ட் இரண்டும் அங்கிருந்தே தனித்தனியாகப் போகட்டும். வால்யூம் திருகும்போது கரகரத்தால் அது பனி ஈரத்தின் வேலை, கான்டாக்ட் கிளீனர் போதும்.

கூடலூர்: ஆறரை இஞ்ச் வூஃபருக்கு சில்வர் ஓக் பலகையில் பெட்டி செய்யலாமா? எஸ்டேட்டில் சும்மா கிடைக்கிறது.

பதில்: சும்மா கிடைப்பதுதான் ஆபத்து. பச்சைப் பலகை காயக் காய வளையும், மூட்டு பிளந்து காற்று சீறும். பழைய பெட்டியின் பார்ட்டிக்கிள் போர்டோ உங்கள் ஊர் மழைக்கு ரொட்டி மாதிரி உப்பும். 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் எடுங்கள். உள்ளளவு 24, 28, 30 செ.மீ. என்றால் 20 லிட்டர். போர்ட்டுக்கு (பெட்டிக் காற்று போய் வரும் குழாய்) 63 மி.மீ. பிவிசி பைப், உள்விட்டம் 6 செ.மீ. இருந்தால் 16.5 செ.மீ. நீளத்துக்குப் பெட்டியின் ட்யூனிங் சுமார் 45 ஹெர்ட்ஸ். முதலில் 20 செ.மீ. வெட்டி, கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சென்டிமீட்டராகக் குறையுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. அறுத்த விளிம்புகளுக்கு இரண்டு கோட் வார்னிஷ்.

குன்னூர்: ட்வீட்டருக்கு (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எந்தக் கெப்பாசிட்டர்?

பதில்: 8 ஓம் என்றால் 4.7 மைக்ரோஃபாரட், பைபோலார் (பிளஸ், மைனஸ் பார்க்காதது). ஏறக்குறைய 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கும். 4 ஓம் ட்வீட்டரானால் 10 போடுங்கள்.