டிவியும் யூடியூபும் ஒண்ணா?

கேள்வி: என் பையனுக்கு 5 வயசு. டிவிய திரும்பிக்கூட பாக்கறதில்ல, எந்நேரமும் போன்ல யூடியூப்தான். "அத்த புடுங்கி வெச்சிட்டு சுட்டி டிவி போட்டு வுடு"ன்னு மாமியார் சத்தம் போடறாங்க. எதுல பாத்தா என்ன சார், ரெண்டும் கார்ட்டூன்தானே?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: ஒண்ணு இல்லம்மா. டிவில ஒரு கார்ட்டூன் முடிஞ்சா விளம்பரம் வரும், அப்புறம் அவனுக்கு புடிக்காதது ஏதாவது வரும், அந்த கேப்ல எழுந்து தண்ணி குடிக்க போறவன் அப்படியே தெருவுக்கு ஓடிடுவான். போன்ல அந்த கேப்பே கெடையாது, ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது ரெடியா நிக்குது, அதுவும் இதுக்கு முன்னாடி அவன் எதை வுடாம பாத்தானோ அதே மாதிரி தேடி எடுத்து போடுது. ரீல்ஸ தள்ளி தள்ளி நாமளே ராத்திரி 12 மணி ஆக்கறோம், 5 வயசு புள்ள தானா நிறுத்துவானா?

ஹால்ல டிவி ஓடுனா சமையல்கட்டுல இருந்தாலும் உங்க காதுல வுழும். போன மூஞ்சிகிட்ட வெச்சிகினு மூலைல உக்காந்தா என்ன ஓடுதுன்னு வீட்ல யாருக்கு தெரியும்? 2017ல புள்ளைங்களுக்கு தெரிஞ்ச கார்ட்டூன் பொம்மைங்கள வெச்சே ஊசி குத்தறது, ரத்தம்னு வீடியோ குவிஞ்சி கெடந்தது வெளிய வந்து, யூடியூப் நெறைய சேனல தூக்க வேண்டியதா போச்சி.

அதுக்காக மாமியார் சொல்றது முழுசும் சரின்னு இல்ல. சாயங்காலம் சீரியல்ல பால்ல விஷம் கலக்கறத அவங்க மடில உக்காந்துகினுதானே அவனும் பாக்கறான்?

மே மாசம் நம்ம ஊர் வெயில்ல மதியம் புள்ளைய வெளிய வுட முடியாது, பீடி சுத்தற வீட்ல, தறி ஓடற வீட்ல கைவேலைய வுட்டு எழுந்திரிக்க முடியாது, தெரியும். அதனால போனே கூடாதுன்னு சொல்லல. யூடியூப் கிட்ஸ் ஆப் போடுங்க, நீங்க ஓகே பண்ண வீடியோ மட்டும் வர்ற மாதிரி அதுல செட்டிங் இருக்கு, டைமரும் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019ல 2 முதல் 4 வயசு வரைக்கும் நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேணாம்னு சொல்லிச்சி, உங்க பையன் அந்த வயச இப்பதான் தாண்டி இருக்கான், அதையே வெச்சிக்குங்க. சோறு ஊட்டறப்ப போன் குடுக்கறத மட்டும் இன்னிக்கே நிறுத்துங்க. ரெண்டு நாள் அழுவான், அழட்டும். சீரியல் நேரத்துல அவன வெளிய அழைச்சிகினு போங்க, வெயில் தாழ்ந்திருக்கும்.