கட்டில் இல்லாத பாட்டி

அன்புள்ள அக்கா,

நான் கனடாவில், மானிடோபா மாகாணத்தின் வின்னிபெக் நகரில் சமூகப் பணி படிக்கிறேன். இப்போது குழந்தைகள் பாதுகாப்பில் பயிற்சி. போன வாரம் ஒரு பூர்வகுடிக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனோம். கூட வந்த அதிகாரிகள் பிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள், கட்டில்களை எண்ணினார்கள். பேத்தியை நானே வளர்க்கிறேன் என்று பாட்டி கெஞ்சினார். தனி அறை இல்லை என்று மறுத்துவிட்டார்கள். குழந்தையின் துணிகளைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுத் தூக்கி வந்தது நான்தான். "குழந்தையின் பாதுகாப்புதானே முக்கியம்?" என்கிறார் மேற்பார்வையாளர். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த வேலைக்கு நான் வரலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

குழந்தையின் பாதுகாப்புதான் முக்கியம். எதிலிருந்து பாதுகாப்பு என்பதுதான் கேள்வி. அடியும் பாலியல் கொடுமையும் இருக்கும் வீட்டிலிருந்து குழந்தையை அன்றிரவே வெளியே கொண்டுவரத்தான் வேண்டும். ஆனால் பூர்வகுடிக் குழந்தைகளின் கோப்புகளில் அதிகம் இருக்கும் சொல் 'கவனிப்பின்மை'. அதைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். வறுமை, நெரிசலான வீடு, பெற்றோரின் குடி. அந்தக் குடிக்குப் பின்னால் போனால் உறைவிடப் பள்ளிகள் வரும். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்தும் மொழியிலிருந்தும் பிரிக்க அரசும் தேவாலயங்களும் நடத்திய பள்ளிகள் அவை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிடித்துப்போய் அடைத்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்துத்தானே நாம் பிள்ளை வளர்க்கக் கற்கிறோம்? அவர்கள் யாரைப் பார்த்துக் கற்றிருப்பார்கள்?

2021 கணக்கெடுப்பில், கனடாவில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம். பெற்றோரிடமிருந்து எடுத்து வேறு குடும்பங்களிடம் விடப்பட்டு, வளர்ப்பு வீடுகளில் இருப்பவர்களில் அவர்கள் 53.8 சதவீதம். உங்கள் மானிடோபாவில் ஏறத்தாழ 90 சதவீதம்.

இது தானாக நடந்ததல்ல. பூர்வகுடிக் குழந்தைகளுக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டாக்கின் அமைப்பும், பூர்வகுடித் தலைவர்களின் தேசிய அமைப்பான முதற்குடிகள் பேரவையும் 2007இல் கொடுத்த புகாரின் மீது, 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்னது: பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட ரிசர்வ் நிலங்களில் வாழும் குழந்தைகளுக்கான சேவைகளில் மத்திய அரசு பாரபட்சம் காட்டியிருக்கிறது. குழந்தையை எடுத்துப் போனால் ஆகும் செலவைக் கொடுத்தார்கள். வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றக் கொடுத்ததோ சொற்பம். ஒழுகும் கூரையைச் சரிசெய்யப் பணமில்லை, நனைந்த குழந்தையைத் தூக்கிப் போகப் பணம் உண்டு! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உங்கள் பாட்டிக்கு வருவோம். பூர்வகுடிக் குழந்தைகள், குடும்பங்கள் பற்றி 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் மத்தியச் சட்டத்தைப் படித்திருப்பீர்கள். 2024இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. வறுமை, போதிய வீடு இல்லாமை போன்றவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பூர்வகுடிக் குழந்தையை எடுக்கக்கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. எடுத்தே ஆக வேண்டுமென்றாலும் யாரிடம் விடுவது என்பதற்கு 16ஆம் பிரிவில் ஒரு வரிசை உண்டு. முதலில் தாய் அல்லது தந்தை, அடுத்தது குடும்பத்தில் வயதுவந்த வேறொருவர். உங்கள் பாட்டி இரண்டாம் இடத்தில் நிற்கிறார். குழந்தையைக் குடும்பத்திடம் திருப்பித் தர முடியுமா என்று தொடர்ந்து பரிசீலிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே போன வாரத்து மறுப்பு கடைசி மறுப்பு அல்ல. மறுபரிசீலனை எப்போது என்று எழுத்திலேயே கேளுங்கள். பாட்டி வீட்டுக்கு ஒரு கட்டில் வாங்கிக் கொடுக்க எவ்வளவு ஆகும் என்றும் கேளுங்கள். பயிற்சி மாணவி கேட்டால் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

வேலைக்கு வாருங்கள். அந்தப் பையின் கனம் தெரிந்தவர்கள் அங்கே வேண்டும்.

அப்புறம், அடுத்த முறை போகும்போது ஒரு நல்ல பெட்டி எடுத்துப் போங்கள். துணிகளைப் பாட்டியே மடித்து வைக்கட்டும். குழந்தை எந்தப் போர்வையில் தூங்கும், இரவில் அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா