அமுக்கிரா: 10 வீதம் போட்ட போத்தல் ஏன் பாதி விலை?

கேள்வி: அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. அமுக்கிரா (அஸ்வகந்தா) நல்லது என்றார்கள், வாங்கப் போனேன். ஒரு போத்தலில் "வேர்ச்சாறு 300 மி.கி., விதனோலைட் 5 வீதம்" என்று இருந்தது. இன்னொன்றில் "அமுக்கிராச் சாறு 500 மி.கி., விதனோலைட் 10 வீதம்". விலையோ முதலாவதில் பாதிதான். நாட்டு மருந்துக் கடையில் வெறும் தூளும் இருக்கிறது. எதை எடுப்பது? அம்மா தைரொயிட்டுக்காகத் தைரொக்சின் குளிசை போடுகிறவர்.
— வாசகி, உப்புவெளி

பதில்: கணக்குப்படி முதலாவதில் 15 மி.கி., இரண்டாவதில் 50 மி.கி. மூன்று மடங்குக்கு மேல் சரக்கு, அதுவும் பாதி விலையில். எனக்கு இடிக்கிறது.

விதனோலைட் என்பது ஒரே பொருள் இல்லை, அமுக்கிராவில் இருக்கும் இயற்கைச் சேர்மங்களின் ஒரு கூட்டம். எச்.பி.எல்.சி. கருவி சாற்றில் உள்ளவற்றைப் பிரித்து, தூய மாதிரியோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக அளக்கும். எடை முறை அப்படியில்லை. கரைப்பானில் பிரித்தெடுத்து, உலர்த்தி, மிஞ்சியதை எல்லாம் நிறுத்து விதனோலைட் என்று எழுதிவிடுவார்கள். மீனை ஐஸோடு தராசில் வைத்த கதைதான். அந்த 10 வீதம், எச்.பி.எல்.சி.யில் பார்த்தால் 5 கூடத் தேறாமல் போகலாம்.

அப்புறம், இரண்டாவது போத்தலில் "வேர்" என்ற சொல்லே இல்லை. இலையிலும் விதனோலைட் உண்டு, இலை மலிவு. ஆனால் அதன் சேர்க்கை வேறு, விதஃபெரின் ஏ என்ற விதனோலைட் கூடுதல். நம் வைத்தியத்தில் உள்ளுக்குக் கொடுப்பது கிழங்கை, அதாவது வேரைத்தான். இலையைச் சேர்க்க வேண்டாம் என்று இந்தியாவில் பாரம்பரிய மருத்துவங்களைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சு 2021இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தவே வேண்டி வந்தது.

தூளில் விதனோலைட் பெரும்பாலும் 1 வீதத்துக்கும் கீழே. அதனால் அது மட்டம் என்று நினைக்காதீர்கள். சாறு ஒடுக்கியது, தூள் ஒடுக்காதது, அளவும் அதற்கேற்பக் கூடும். அஸ்வகந்தா என்றால் குதிரை மணம். பழையவர்கள் முகர்ந்து பார்த்தே வாங்கினார்கள். ஈயம் கலந்திருந்தால் மூக்குக்குத் தெரியாது, அதுதான் சிக்கல்.

கடையில் அந்தத் தொகுதிக்கான, அதாவது அந்தப் போத்தலோடு ஒன்றாகத் தயாரித்த சரக்குக்கான, பகுப்பாய்வு அறிக்கையைக் கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை, லேபலில் உள்ள கம்பனி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். எந்தப் பாகம், எந்த முறையில் அளந்தது, தொகுதி இலக்கம் போத்தலோடு பொருந்துகிறதா: இவை தெரியாமல் நான் காசு கொடுக்கமாட்டேன். லேபலில் பொய் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். அமுக்கிரா தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடும்; தைரொக்சினும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும், உள்ள தூக்கமும் போகும். இப்போதே தூக்கம் வராததற்குக் குளிசையின் அளவு கூடியதும் காரணமாக இருக்கலாம். தைரொயிட் அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்து, முடிவை அவருடைய டொக்டரிடம் காட்டுங்கள். அமுக்கிராவைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.