சவுக்கு மரத்திலிருந்து வெள்ளைத் தாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சவுக்கு, தைல மரம் இரண்டும் காகிதக் கூழாவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கூழ் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன் என்பதால், வெளுப்பு பற்றிப் பேசும்போது கொஞ்சம் நீண்டுவிட்டது.

நாலு வயதுச் சவுக்கு வெட்டப் போகிறோம். ஒரு டன்னுக்கு எவ்வளவு கூழ் கிடைக்கும்? (கடலூர் மாவட்ட விவசாயி)

வெட்டிய உடனே மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். மீதி அரை டன் உலர் மரத்தில், பாதிக்குச் சற்றுக் குறைவாகவே வெளுத்த கூழாகத் தேறும். அதாவது ஒரு டன் பச்சை மரத்துக்கு 220, 230 கிலோ. வெட்டிப் போட்ட கட்டை நாளுக்கு நாள் காய்ந்து எடை இறங்கும். எடைக் கணக்கில் விற்பவர்கள் லாரி ஏற்பாடு செய்துவிட்டு மரத்தில் கை வையுங்கள்.

பட்டை உரிக்க ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை. பட்டையோடு கூழாகச் சமைத்தால் என்ன?

பட்டையில் நார் குறைவு. ஆனால் சமைக்கச் சேர்க்கும் காஸ்டிக் சோடாவை அது தாராளமாகக் குடிக்கும். பொடிமணலும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒருமுறை எங்களுக்கு வந்த சுமையில் பட்டை அரைகுறையாகத்தான் உரிக்கப்பட்டிருந்தது. சமைத்து, வெளுத்து, ஆய்வகத்தில் கைத்தாள் போட்டுப் பார்த்தால் வெள்ளைத் தாளில் மிளகுப்பொடி தூவினாற்போலக் கரும்புள்ளிகள்! வெளுப்பு மருந்தைக் கூட்டிப் பார்த்தோம், புள்ளி போகவில்லை. தைல மரம் என்றால் வெட்டிய சூட்டோடு உரியுங்கள், பட்டை வாழைத்தோல் மாதிரி வரும். காய்ந்துவிட்டால் மரத்தோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

சமைத்த கூழ் ஏன் காபி நிறத்தில் இருக்கிறது? பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரே அடியாக வெளுக்க முடியாதா? (வேதியியல் மாணவி, ஈரோடு)

மரத்தில் நார்களை ஒட்டி வைத்திருக்கும் பசை லிக்னின். இந்த மரங்களில் அது கிட்டத்தட்ட கால் பங்கு. காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த திரவத்தில் சில்லுகளைப் போட்டு, 165 டிகிரி வாக்கில் அழுத்தத்தில் சமைத்தால் லிக்னின் பெரும்பகுதி கரைந்துவிடும். நன்றாக வெந்த சில்லு பார்க்க முழுசாகத்தான் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பஞ்சு போலப் பிரியும். சில்லு தடிமனாக வெட்டப்பட்டிருந்தால் நடுவில் ஒரு குச்சி வேகாமல் விரலில் குத்தும்.

கூழில் தங்கிய லிக்னினைக் காப்பா எண்ணால் அளக்கிறோம். காப்பா 18 என்றால் ஏறக்குறைய 2.7 சதவீதம் லிக்னின் பாக்கி. அந்தக் கொஞ்சம்தான் காபி நிறத்துக்குக் காரணம்.

சரி, அதை இன்னும் சமைத்தே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்தக் கட்டத்துக்கு மேல் சமைத்தால் லிக்னினோடு நாரும் கரையும், தாள் வலுவிழக்கும். அதனால் நல்ல ஆலைகள் முதலில் காரத்தோடு ஆக்சிஜனை அழுத்தத்தில் செலுத்துகின்றன. மீதி லிக்னினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே போகும். அப்புறம் குளோரின் டை ஆக்சைடு, அடுத்து பெராக்சைடு சேர்ந்த காரக் கழுவல், மறுபடி குளோரின் டை ஆக்சைடு.

பிளீச்சிங் பவுடர் கரைசலை, அதாவது ஹைப்போவை, முன்பு பல ஆலைகள் பயன்படுத்தின. அது நாரையும் அரிக்கும், குளோரோஃபார்மும் உண்டாக்கும். குளோரின் வாயு அதைவிட மோசம். லிக்னினோடு சேர்ந்து, எளிதில் மட்காத குளோரின் சேர்மங்களைக் கழிவுநீரில் விட்டுவிடும். டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் அதில் அடக்கம். 1980-களில் இது தெரியவந்த பிறகுதான் உலகம் முழுக்க ஆலைகள் குளோரின் டை ஆக்சைடுக்கு மாறத் தொடங்கின. குளோரின் வாயுவை இனி எந்த ஆலையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சமைத்த கறுப்புத் தண்ணீர் எங்கே போகிறது?

அதைக் கழிவு என்று நினைக்காதீர்கள். கரைந்த லிக்னின் அதில்தான் இருக்கிறது, அது நல்ல எரிபொருள். தண்ணீரைச் சுண்டவைத்துப் பாகாக்கி, மீட்புப் பாயிலரில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். அடியில் உருகித் தங்கும் உப்பைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் சமையல் திரவம் திரும்பக் கிடைக்கும். ஆக்சிஜன் கட்டத்தின் கழுவல் நீரையும் இதே வழியில் அனுப்பலாம். குளோரின் கலந்த வெளுப்பு நீரை அப்படி அனுப்ப முடியாது, குளோரைடு பாயிலரை அரித்துவிடும். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே வெளுப்புக்கு முன்னால் எவ்வளவு லிக்னினை எடுக்கிறோமோ, அவ்வளவுக்கு ஆறு தப்பிக்கும்.

ஆலைப் பக்கம் போனாலே முட்டைக்கோஸ் அழுகிய நாற்றம். உடம்புக்குக் கெடுதலா?

சல்ஃபைடு லிக்னினோடு சேரும்போது உண்டாகும் மெர்காப்டன் வாயுக்கள்தான் காரணம். காற்றில் நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், அதனால் நாற்றம் அடித்தாலே ஆபத்தான அளவு என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த வாயுக்களைப் பிடித்து எரிக்க வழி இருக்கிறது. தினமும் நாற்றம் வருகிறதென்றால் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நோட்டுப் புத்தகத்துக்குச் சவுக்குக் கூழ் மட்டும் போதுமா?

எழுதவும் அச்சடிக்கவும் போதும். நார் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால் தாள் வழவழப்பாக அமையும். கிழியாத பை வேண்டுமென்றால் பைன் மாதிரி நீள நார் வேண்டும். கரும்புச் சக்கையை நம்பி 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிய டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) போன்ற ஆலையும் மரக்கூழைச் சேர்த்துக்கொள்கிறது.

பள்ளிக் கண்காட்சிக்கு வீட்டிலேயே மரக்கூழ் செய்யலாமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

மரச்சில்லு வேண்டாம் தம்பி. திறந்த பாத்திரத்தில் அது வேகாது, காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வையே போகும். சோளக்கதிர் தோலையோ வாழைநாரையோ பொடியாக நறுக்கி, சலவைச் சோடா போட்டு, பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். நன்றாக அலசி, அரைத்து, கொசுவலையில் வடித்துக் காயவைத்தால் பழுப்புத் தாள் வரும். வெளுக்க வேண்டாம். அந்தப் பழுப்பிலேயே மாட்டி வைத்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.