ஸ்கோபஸில் 1, கூகுள் ஸ்காலரில் 4: எது என் எச்-இண்டெக்ஸ்?

வணக்கம். இரண்டுமே சரிதான். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்வது எச்-இண்டெக்ஸ். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு இது: குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருந்தால் எச்-இண்டெக்ஸ் 4. ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளம் தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளிலிருந்து மட்டும் எண்ணுகிறது; கூகுளின் ஆய்வுத் தேடுதளமான கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் தமிழ் இதழ்களையும்கூட எடுத்துக்கொள்கிறது. நேர்காணலில் எண்ணோடு தளத்தின் பெயரையும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலெழுத்து முன்னும் பின்னுமாக அச்சானதால் ஸ்கோபஸில் நீங்கள் இரண்டு ஆட்களாகப் பிரிந்து கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பெயர்முறைக்கு நேரும் பழைய தொல்லை இது. இணைக்கச் சொல்லி அங்கேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. ஆய்வாளரைப் பெயர்க் குழப்பமின்றி அடையாளம் காட்டும் ஆர்க்கிட் எண்ணும் இன்றே வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். மேற்கோள் வரவில்லை என்று தமிழ்க் கட்டுரைகளைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். 2017-இல் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி எண்ணெய்க் குழாய்களுக்கு எதிராக நடந்த போராட்டச் செய்தி வாட்ஸ்அப்பிலும் துண்டறிக்கையிலும் ஊர் ஊராகப் பரவிய விதத்தை நீங்கள் தமிழில் எழுதியதால்தான் இங்கே மயிலாடுதுறையில் என் மாணவர்கள் படிக்கிறார்கள். இதழ் அனுமதித்தால் ஆங்கிலச் சுருக்கத்தோடு ஸெனோடோ என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். கட்டுரைக்கு நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண் இலவசமாகக் கிடைக்கும், வெளியூர் ஆய்வாளர் கண்ணிலும் படும்.