பிரேக் வேலை சரியில்லை, காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மெக்கானிக்கிடம் எப்படிக் கேட்பது?

பிரேக் பேட் (சக்கரத்தை நிறுத்த உரசுகிற கட்டை) மாற்றியும் சத்தம் நிற்கவில்லை, மெக்கானிக் "புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் பெடலைப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினாலோ, தரை வரை இறங்கினாலோ, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ அதை ஓட்டவே வேண்டாம். பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று புகுந்திருந்தாலும் பெடல் அப்படி ஆகும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

வெறும் சத்தம்தான் என்றால், அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. புது பேட், சக்கரத்தோடு சுற்றும் தட்டான டிஸ்க்கோடு படியும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டர் லேசாகக் கீச்சிடலாம். ஆனால் இரும்பும் இரும்பும் உரசுகிற கரகர சத்தத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது. கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரே சக்கரத்தின் உள் பேடும் வெளிப் பேடும் ஏறக்குறைய சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று இரும்பு தெரியும் அளவுக்குப் போய், மற்றது பாதிகூடத் தேயாமல் இருந்தால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (ஸ்லைடு பின்) இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுத்தம் செய்து கிரீஸ் போடாமல் பேடை மட்டும் மாற்றினால் புதுசுக்கும் அதே கதிதான்.

எப்படிக் கேட்பது என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் வண்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் 'ஊம்' என்று ஒரு சத்தம். டயர்தான் காரணம் என்று முன் டயர் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. திரும்பப் போனபோது டயரைப் பற்றி நான் வாதாடவில்லை. "60க்கு மேல் வருகிறது, கிளட்ச்சை மிதித்தாலும் நிற்கவில்லை, வலது வளைவில் கூடுகிறது, இடது வளைவில் குறைகிறது. என்னோடு ஒரு ரவுண்டு வாங்கண்ணே" என்றேன். ஓட்டிப் பார்த்த மூத்த மெக்கானிக், இடது முன் சக்கரம் சுழல உதவும் பேரிங் என்று சொல்லிவிட்டார். வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில்தானே விழுகிறது! பேரிங் மாற்றியதற்குக் கூலி வாங்கவில்லை. டயருக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்பி வரவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே எதை மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். எந்த வேகத்தில், எப்போது, என்ன ஆகிறது என்று சொன்னால் போதும். அதையே ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையை ஒர்க்ஷாப்பில் எழுதிவைக்கும் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். வெறுமனே 'பிரேக் செக்' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்; வண்டியை எடுக்கும்போது அதை வைத்து எதையும் கேட்க முடியாது.

வேறு ஒர்க்ஷாப்பில் காட்டலாம், என்ன கோளாறு என்று எழுதியும் வாங்கலாம். ஆனால் அங்கே வேலை செய்ய விடாதீர்கள். இன்னொருவர் கைவைத்துவிட்டால், முதலாமவர் "அவர்தான் கெடுத்தார்" என்று கைவிரித்துவிடுவார்.

அப்புறம், பேட் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) வைத்து ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.