செத்துப்போன ராஜாக்கள்

கேள்வி: என் மகள் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறாள். நல்ல மார்க். எம்.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பி.எட். போ, இல்லையென்றால் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்கில் சேர் என்பது எங்கள் எண்ணம். “செத்துப்போன ராஜாக்களைப் படித்து என்ன கிழிக்கப் போகிறாய்?” என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்கள் பத்திரிகையை விடாமல் வாசிப்பவள். நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்.
– ஒரு தந்தை, மேலூர்

பதில்: எடுத்துச் சொல்கிறேன் ஐயா. முதலில் உங்களுக்கு.

மேலூர் என்று போட்டிருக்கிறீர்கள். 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்ததும் உங்கள் பகுதிச் சனம் திரண்டு தெருவுக்கு வந்தது. நீங்களும் வந்திருப்பீர்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ரத்து செய்ய வைத்தது அந்தக் கூட்டம்தான், மறுப்பில்லை. ஆனால் அந்தக் கூட்டம் என்ன பேசியது என்று யோசித்துப் பாருங்கள். வயல் போகும், கண்மாய் போகும் என்றார்கள். கூடவே, இந்த மலையில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது, சமணத் துறவிகள் படுத்த கல் படுகை இருக்கிறது, குடைவரைக் கோயில் இருக்கிறது என்றும் சொன்னார்கள். மலையேறி அதையெல்லாம் படித்து, காலம் கணித்து, எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் யார்? செத்துப்போன ராஜாக்களைப் படித்தவர்கள்தான்.

அந்த ராஜா கதைக்கும் வருகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் மாங்குளம், மீனாட்சிபுரம் மலைக் கல்வெட்டுகளை ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சுவெல் கண்டது 1882இல். எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. என்ன மொழி என்றே வெகுகாலம் பிடிபடவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்தக் குகை எழுத்துகள் தமிழ்தான் என்று எடுத்துக்காட்டினார். 1960களில் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அங்கே நெடுஞ்செழியன் என்ற பாண்டிய ராஜா பெயரைப் படித்தார். கண்டதற்கும் சரியாகப் படித்ததற்கும் நடுவில் 80 வருஷம்! அதே மலையில் ‘வெள்ளறை நிகமம்’ என்றும் வெட்டியிருக்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. ஆக ராஜா மட்டுமில்லை, கடைக்காரர்களும் சேர்ந்து சமணத் துறவிகளுக்குக் கொடுத்த தானம் அது. இன்றைக்கு ரசீதுப் புத்தகத்தோடு கோயில் கமிட்டிக்கு நிதி கொடுக்கிறோமே, கிட்டத்தட்ட அந்தச் சங்கதிதான்.

சில வருஷத்துக்கு முன்னால் திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாய் மடையில் எம்.ஏ. பிள்ளைகள் கல்வெட்டை மைப்படி (தாளில் மையால் எடுக்கும் நகல்) எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊரார் துணி துவைக்கிற கல். பாசியைச் சுரண்டி, தேய்த்துக் கழுவினார்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டு தட்டென்று தட்டினார்கள், தாள் எழுத்துக் குழிக்குள் இறங்குகிற வரைக்கும். முதல் தாள் கிழிந்தது. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொன்றை எடுத்து நீட்டினார். தாள் அரை ஈரமாக இருக்கும்போதே மையை ஒற்றி ஒற்றி எடுக்க, சுற்றிலும் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக எழும்பி வந்தது. மடை கட்டிக்கொடுத்தவன் பெயரை ஒரு பெண் எழுத்துக் கூட்டி வாசித்தாள். சோப்பு டப்பாவோடு நின்ற அம்மா ஒருவர், “இத்தனை நாளும் அவன் பேரு மேலயா துவைச்சுக்கிட்டிருந்தோம்?” என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினாள்.

இப்போது மகளுக்கு.

அப்பாவை மட்டம் தட்டிவிட்டேன் என்று குதிக்காதே அம்மா. அவர் பயம் பொய்யில்லை. கல்யாணம் முடிவாகிற வரைக்கும் எதையாவது படித்துவைப்போம் என்று எம்.ஏ. சேர்கிறவர்களை மதுரையில் எந்தக் கல்லூரியிலும் பார்க்கலாம். கைடை வாங்கி மனப்பாடம் செய்து எழுதி, கடைசி செமஸ்டரில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் நிற்பார்கள். “என்ன தலைப்பு? எத்தனை பக்கம்? பைண்டிங் என்ன கலர்?” கடைக்காரர் கேட்பது அவ்வளவுதான், ப்ராஜெக்ட் தயார். ஒரே ஆய்வேட்டை அட்டை மட்டும் மாற்றி இரண்டு பேர் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்ட ஆசிரியருக்கும் தெரியும். அந்த எம்.ஏ.வுக்குத்தான் உன் அப்பா பயப்படுகிறார். நீ படிக்கப்போவது அதுவென்றால் நான் அவர் கட்சி.

பிழைப்பு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அரசுக் கல்லூரியில் நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளர் சம்பளம் 20,000 ரூபாயாக இருந்து பிறகுதான் 25,000 ஆனது. அதுவும் வருஷத்துக்கு 11 மாதம். பிஎச்.டி. முடித்து, தலை நரைத்து அந்தச் சம்பளத்தில் இருப்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வுக்கு முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. எம்.ஏ. கடைசி வருஷத்திலேயே எழுதலாம். ஒரே சிக்கல், வரலாற்றுக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள், விஷயம் தெரியாமல் அல்ல. அதனால் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கூட வைத்துக்கொள். புரியாவிட்டால் அகராதி பார், வெட்கப்படாதே. நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இலிருந்து திறந்திருக்கிறது. கல்லூரி லைப்ரரியில் புத்தகத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்ற சாக்கு இனிமேல் செல்லாது.

கல்வெட்டில் ருசி தட்டினால் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு வருஷ முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது, உதவித்தொகையோடு. இடம் கொஞ்சம்தான், போட்டி உண்டு.

பி.எட். பற்றி: ஐயா, அதுவும் எம்.ஏ.வும் சக்களத்திகள் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும். எதை முதலில் படிப்பது என்பதுதான் பேச்சு. டி.என்.பி.எஸ்.சி.க்கு எம்.ஏ. தேவையில்லை, பட்டம் போதும், உண்மை. ஆனால் நீங்கள் காசு கட்டப்போகிற கோச்சிங் சென்டரில் வரலாறு நடத்துகிறவர் என்ன படித்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக மீனாட்சிபுரம் மலைக்குப் போய் வாருங்கள். கல்வெட்டை அவள் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். வாசிக்கத் தெரியவில்லையென்றால் எம்.ஏ.வுக்கு இன்னும் நல்ல காரணம் கிடைத்தது. காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். தண்ணீர் பாட்டில் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், அவளுக்குத் தனியாக ஒன்று. இரண்டு நாளாகப் பேசவில்லை என்றீர்களே.